முதலில் தண்டனை, பிறகு விசாரணை!

சென்ற மாதம் நீலகிரி மாவட்டத்துச் சோலூரிலே ஒரு பொதுக்கூட்டம். இரவு பேசி முடித்து, தோழர் ஒருவரின் இல்லத்திலே தங்கி, விடியுமுன் உதகைக்குப் புறப்படலாமென்று தெருவுக்கு வந்தேன். மூடுபனி! நாலடி தள்ளி நிற்பவர் முகம் தெரியவில்லை. ஆனால், சரிவிலே, தோட்டங்களிலே, விளக்குகள் அசைவது தெரிந்தது. கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிரிலே, அந்த இருளிலே பிடுங்கி, கழுவி, மூட்டை பிடித்து, லாரியிலே ஏற்றி, மேட்டுப்பாளையம் மண்டியிலே உரிய நேரத்துக்கு இறக்கினால்தான் விலை. தவறினால் சரக்கும் வாடும், விவசாயி முகமும் வாடும். நகரத்து வீடுகளிலே சாம்பாரிலே மிதக்கும் கேரட் துண்டுக்குப் பின்னே எத்தனை பேருடைய தூக்கம் போயிருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

திறந்திருந்தது ஒரே ஒரு தேநீர்க் கடை. அதன் பலகையிலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் அமர்ந்திருந்தார். வயது ஐம்பதிருக்கும். லாரி கிளம்பும் ஓசை கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்தார், ஓசை தேயும் வரையில் காது கொடுத்தார், பிறகு குனிந்துகொண்டார்.

"மூன்றாவது கியரிலே போகிறான். வளைவுக்கு முன்னே இரண்டாவதுக்கு வந்தாக வேண்டும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். சற்று நேரத்தில் இருளுக்குள்ளிருந்து கியர் மாறும் ஓசை கேட்டது. "வந்துவிட்டான்" என்றார், நிம்மதியோடு.

"ஓட்டுநரா, அண்ணா?" என்று கேட்டேன்.

"ஓட்டுநராக இருந்தேன், தம்பி. இப்போது இது இருக்கிறது" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். நைந்து போகாதிருக்க அதை ஒரு பிளாஸ்டிக் உறையிலே வைத்திருந்தார். ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொண்டதற்குத் தரப்பட்ட ஒப்புகைச் சீட்டு அது. உரிமம் போய் நாற்பத்தொரு நாட்கள் ஆகிவிட்டன என்றார்.

என்ன குற்றம்? குடித்தாரா? இல்லை. எவர்மீதாவது ஏற்றினாரா? இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த மலையிலே லாரி ஓட்டியவர். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளும் அவர் கைக்கு மனப்பாடம். எந்தக் கியரிலே ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேதான் இறங்க வேண்டும் என்பது மலைச்சாலையின் பாலபாடம். அந்தப் பாடத்தை மூன்று தலைமுறைக் கிளீனர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர். அவர் ஓட்டிய லாரியின் பிரேக் லைனிங் தேய்ந்திருந்தது. அதை அவரே முதலில் கண்டார். உரிமையாளரிடம் சொன்னார். "இந்த நடை போய் வா, அடுத்த நடைக்குள் மாற்றிவிடலாம்" என்றது பதில். அடுத்த நடை வந்தது, அதற்கடுத்த நடையும் வந்தது, லைனிங் வரவில்லை. மாட்டேன் என்று மறுத்தால், சாவியை வாங்கிக்கொள்ள வேறொரு கை காத்திருக்கிறது. ஆகவே பாரத்தோடும் பயத்தோடும் மலையிறங்கினார். அடிவாரத்துச் சோதனையிலே வண்டி நிறுத்தப்பட்டது. பிரேக் சோதிக்கப்பட்டது. உரிமம் பறிக்கப்பட்டது.

"பிறகு லாரி என்னவாயிற்று?" என்று கேட்டேன்.

"அதற்கென்ன தம்பி! மறுநாளே லைனிங் மாற்றினார்கள். புது டிரைவர் போட்டார்கள். சற்றுமுன் இரண்டாவது கியருக்கு வந்ததே, அந்த வண்டிதான்" என்றார்.

லாரிக்குப் புது லைனிங்! லாரிக்குப் புது டிரைவர்! பழைய டிரைவருக்கு ஒரு பழைய சீட்டு!

தோழர்களே, அந்தச் சீட்டைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலே 206 என்றொரு பிரிவு. குற்றம் சாட்டப்பட்ட ஓட்டுநர் தலைமறைவாகிவிடுவார், அழைப்பாணைக்கு அகப்படமாட்டார் என்ற ஐயம் தோன்றினால், காவல் அதிகாரி அவருடைய உரிமத்தைக் கைப்பற்றலாம் என்று அந்தப் பிரிவு கூறுகிறது. கைப்பற்றினால் சீட்டுக் கொடுக்க வேண்டும். உரிமம் திரும்பி வரும் வரையில், அல்லது சீட்டிலே குறித்த நாள் வரையில், அந்தச் சீட்டைக் கொண்டே வண்டி ஓட்டலாம். இது பழைய ஏற்பாடு; நியாயமான ஏற்பாடு. வழக்கும் நடக்கும், அடுப்பும் எரியும்.

2019-ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தினார்கள். அதே 206-ஆம் பிரிவிலே நாலாவது உட்பிரிவு ஒன்றைச் சேர்த்தார்கள். மிகை வேகம், அபாயகரமாக ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், பழுதுள்ள வண்டியை ஓட்டுதல் எனச் சில குற்றங்களை அதிலே அடுக்கினார்கள். அவற்றிலே ஒன்றைச் செய்ததாக நம்பக் காரணமிருந்தால், காவல் அதிகாரி உரிமத்தைக் கைப்பற்றி, தகுதியிழப்பு நடவடிக்கைக்காக உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இதற்கும் சீட்டு உண்டு. ஆனால், இந்தச் சீட்டு வண்டி ஓட்டும் அனுமதியைத் தராது என்று அங்கேயே எழுதி வைத்தார்கள்!

வேடிக்கையைப் பாருங்கள். ஓடி ஒளிவான் என்று ஐயப்படத்தக்கவன் கையிலுள்ள சீட்டு வண்டி ஓட்டும். ஓடாமல் ஒளியாமல் நின்று, "ஆமாம் ஐயா, லைனிங் தேய்ந்துதான் இருக்கிறது, நானே முதலாளியிடம் சொன்னேன்" என்று உண்மையுரைத்தவன் கையிலுள்ள சீட்டு, சட்டைப் பையிலே கிடந்து நையும்!

இதற்குப் பிறகுதான் விசாரணை. சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, ஓட்டுநர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்த பின்னரே உரிமம் வழங்கும் அதிகாரி முடிவு செய்ய வேண்டும். குற்றமில்லையென்று கண்டால் விடுவிக்கலாம். குற்றமென்று கண்டால் முதல் முறைக்கு மூன்று மாதத் தகுதியிழப்பு. மறுமுறை உரிமமே ரத்து. நல்லது. ஆனால், எத்தனை நாளைக்குள் விசாரிக்க வேண்டும்? அந்தப் பிரிவிலே அதற்கு நாட்கணக்கு இல்லை. சோலூர்க்காரர் நாற்பத்தொரு நாட்கள் காத்திருந்தார். இருமுறை மலையிறங்கிப் போனார்; இருமுறையும் "பிறகு வா" என்று கேட்டுத் திரும்பினார். நாளை அவர் குற்றமற்றவர் என்றே தீர்மானித்தாலும் அந்த நாற்பத்தொரு நாட்களை அவருக்கு எவர் திருப்பித் தருவார்? முதலில் தண்டனை, பிறகு விசாரணை, கடைசியிலே தீர்ப்பு! இந்த வரிசையிலே நீதி நடந்ததாக எந்த ஊர்ப் பஞ்சாயத்துக் கதையிலாவது கேட்டதுண்டா?

நான் நாடகம் எழுதுகிறவன். கல்லூரியைப் பாதியிலே விட்டவன். சட்டக் கல்லூரியின் வாசலை மிதித்தவனல்லன். அதனாலோ என்னவோ, சட்டப் புத்தகத்தைப் புரட்டும்போது என் கண்ணுக்குப் பிரிவுகள் தெரிவதில்லை, பாத்திரங்கள் தெரிகின்றன. ஒரு சிறு காட்சியை உங்கள் முன் வைக்கிறேன். காட்சி என் கற்பனை. காட்சியிலே பேசப்படும் சட்டம் கற்பனையன்று.

திரை உயர்கிறது. ஓர் அலுவலகம். மேசைக்குப் பின்னே அதிகாரி. நாற்காலியிலே லாரி உரிமையாளர். சுவரோரமாக நிற்பவர் ஓட்டுநர்.

அதிகாரி: உங்கள் லாரியின் பிரேக் பழுதுபட்டிருந்தது. வண்டியைச் சீராக வைத்திருப்பது பெர்மிட்டின் நிபந்தனை. நிபந்தனை மீறினால் பெர்மிட்டை நிறுத்தி வைக்கலாம்.

உரிமையாளர்: என் விளக்கத்தைக் கேட்காமல் நிறுத்த முடியாதே!

அதிகாரி: முடியாது. கேட்ட பிறகுதான்.

உரிமையாளர்: கேட்ட பிறகு?

அதிகாரி: நிறுத்தலாம். அல்லது, அதற்கு ஈடாக நீங்கள் ஒரு தொகை கட்டச் சம்மதித்தால், நிறுத்தாமலும் விடலாம்.

உரிமையாளர்: கட்டுகிறேன். லாரி ஓடலாமல்லவா?

அதிகாரி: தாராளமாக!

ஓட்டுநர்: ஐயா, அந்த லாரியை ஓட்டியவன் நான். என் விளக்கம்...

அதிகாரி: உன் உரிமத்தை எடுத்தாயிற்று. விளக்கத்தைப் பிறகு சொல்லலாம்.

ஓட்டுநர்: நானும் ஒரு தொகை கட்டினால்...

அதிகாரி: உரிமத்துக்கு அந்த ஏற்பாடு கிடையாது.

திரை விழுகிறது.

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ண வேண்டாம். சட்டத்தின் 84-ஆம் பிரிவு, வண்டியை எந்நேரமும் சட்டப்படி சீராக வைத்திருப்பதைப் பெர்மிட்டின் நிபந்தனையாக விதிக்கிறது. 86-ஆம் பிரிவு, நிபந்தனை மீறிய பெர்மிட்டை ரத்து செய்யவோ நிறுத்தவோ அதிகாரம் தருகிறது. அதே பிரிவு, விளக்கம் தர வாய்ப்பளிக்காமல் அப்படிச் செய்யலாகாது என்றும் கட்டளையிடுகிறது. நிறுத்துவதற்கு ஈடாகத் தொகை பெற்றுக்கொள்ளவும் இடம் தருகிறது. ஒரே லாரி, ஒரே பிரேக், ஒரே சோதனை. உடைமைக்கு முதலிலே விசாரணை. உழைப்புக்கு முதலிலே தண்டனை. உடைமை பணத்தைக் கட்டி மீளலாம். உழைப்பு பட்டினி கிடந்து மீள வேண்டும்.

பழுதுள்ள வண்டியை ஓட்டுகிறவர், ஓட்டச் செய்கிறவர், ஓட்ட அனுமதிக்கிறவர் ஆகிய மூவரையும் சட்டம் குற்றவாளி என்றே சொல்கிறது. மிகைப்பாரத்துக்கும் அப்படியே: 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், இதிலும் ஓட்டுபவர், ஓட்டச் செய்பவர் இருவருக்கும் பொறுப்புண்டு. எழுத்திலே சமத்துவம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால், சாலையிலே நிறுத்தப்படும்போது இருக்கையிலே இருப்பவர் ஒருவர்தாமே! சட்டைப் பையிலே உரிமம் வைத்திருப்பவரும் அவர் ஒருவர்தாமே! மூட்டைக்கு மேல் மூட்டை அடுக்கச் சொன்ன வியாபாரி அப்போது மண்டியிலே இருக்கிறார். அடுத்த நடைக்கு லைனிங் மாற்றலாமென்ற உரிமையாளர் வீட்டிலே உறங்குகிறார். 2015-ஆம் ஆண்டு, சாலைப் பாதுகாப்புக்காக உச்சநீதிமன்றம் அமைத்த குழு, சரக்கு வண்டியிலே மிகைப்பாரம் ஏற்றினால் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை முடக்குமாறு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. பாரத்தை ஏற்றச் சொன்னவரிடம் முடக்குவதற்கு உரிமம் ஏது?

இந்த இடத்திலே நண்பர் ஒருவர் குறுக்கிடுவார்: "அப்படியானால், குடித்துவிட்டு ஓட்டுகிறவனையும், குழந்தைமீது ஏற்றிக் கொல்கிறவனையும் காப்பாற்றச் சொல்கிறீரா?"

இல்லை, நண்பரே! அந்தக் கேள்வியின் பின்னே இருக்கும் கண்ணீரை நான் அறிவேன். 2022-ஆம் ஆண்டு மட்டும் இந்திய நாட்டுச் சாலைகளிலே மாண்டவர் 1,68,491 பேர். அவர்களிலே 30,000-க்கு மேற்பட்டோர், மோதிவிட்டு நில்லாமல் சென்ற வண்டிகளால் மடிந்தவர்கள். அந்த ஆண்டு, விபத்துகளின் எண்ணிக்கையிலே இந்தியாவின் முதலிடம் நமது தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள்! தலைகுனிய வேண்டிய முதலிடம். மாண்டவரிலே நடந்து போனவர் உண்டு, மிதிவண்டியிலே போனவர் உண்டு, பள்ளிக்குப் போன பிள்ளைகள் உண்டு. அவர்களும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளே. குடிபோதையிலே ஓட்டுகிறவன் கையிலிருந்து உரிமத்தை அந்த இடத்திலேயே வாங்கட்டும்; நான் தடுக்கமாட்டேன். மலைச்சாலையிலே டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலிலே உருட்டிக்கொண்டு இறங்குகிறவனுக்காகவும் நான் வாதாட வரவில்லை.

ஆனால், தேய்ந்த பிரேக்கும் தூங்காத கண்ணும் ஓட்டுநர் உண்டாக்கிய குற்றங்களா என்று கேட்கிறேன். 1961-ஆம் ஆண்டிலேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இயற்றி, நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி, அதற்குமேல் வேலை வாங்கலாகாது என்று விதித்தார்கள். விதித்துவிட்டு, ஐவருக்குக் குறைந்த தொழிலாளர் வேலை செய்யும் இடத்துக்கு அது பொருந்தாது என்று வாசலையும் திறந்து வைத்தார்கள். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்போர் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களிடம் வேலை பார்த்தவருக்கு அந்த எட்டு மணி எட்டாத மணியாகவே இருந்தது. இப்போது அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள்ளே அடங்கிவிட்டது. பெயர் மாறியது, நாமக்கல்லிலிருந்து புறப்பட்டு வடநாடு போகும் ஓட்டுநரின் கண் சிவப்பு மாறியதா? மணிக்கணக்கு வேலை என்பது தாளிலே. நடைக்கு இவ்வளவு என்பது கையிலே. சீக்கிரம் போனால் படி கூடும், நின்று தூங்கினால் படி குறையும் என்று ஏற்பாட்டைச் செய்துவிட்டு, "ஏன் தூங்காமல் ஓட்டினாய்?" என்று கேட்பது நீதியாகுமா?

ஓட்டுநர் சமுதாயம் ஒருமுறை ஒன்றுபட்டு நின்றதை நாடு பார்த்தது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் இரண்டாண்டு வரையில் சிறை. 2023 டிசம்பரிலே நிறைவேறிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதை ஐந்தாண்டாக்கியது. விபத்தை நிகழ்த்திவிட்டு, காவலருக்கோ நீதிபதிக்கோ தெரிவிக்காமல் தப்பிச் செல்லும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரையில் என்றது. 2024-ஆம் ஆண்டின் முதல் நாளே லாரிகள் நின்றன. பல மாநிலங்களிலே பெட்ரோல் நிலையங்கள் முன் வண்டிகள் வரிசைபோட்டன. மறுநாள் மாலை, மத்திய உள்துறைச் செயலாளர் லாரி உரிமையாளர் காங்கிரசுடன் பேசினார். அவர்களைக் கலந்துகொண்ட பிறகே அந்தப் பிரிவை நடைமுறைப்படுத்துவது பற்றி முடிவு செய்வோம் என்றார். 2024 ஜூலை முதல் நாள் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அந்தப் பத்தாண்டு உட்பிரிவு மட்டும் வாசலிலே நிறுத்தப்பட்டது.

ஓட்டுநர்கள் ஏன் அஞ்சினார்கள்? அடிபட்டவரைச் சாகவிட்டு ஓடும் உரிமையையா கேட்டார்கள்? அல்ல. நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் சட்டம் பிடிக்கும் என்ற இடுக்கிலே நிற்பவர்கள் அவர்கள். இதையும் நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அடிபட்டவருக்கு உதவுவது ஓட்டுநரின் கடமை என்று விதிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் இயலாமற் போனாலன்றி என்று ஒரு விலக்கைச் சேர்த்து எழுதியிருக்கிறது. சட்டம் செய்தவர்களுக்கே சாலை தெரிந்திருக்கிறது!

அந்தப் போராட்டத்திலே நாம் கற்கத்தக்க பாடமொன்று உண்டு. பத்தாண்டுச் சிறை என்ற இடி எல்லோர் தலைமீதும் ஒரே நாளில் விழுவதாக இருந்தது. ஆகவே எல்லோரும் எழுந்தார்கள். உரிமம் பறிக்கப்படும்போது இடி விழுவதில்லை. ஒருவர் பையிலிருந்து ஓர் அட்டை ஓசையின்றி எடுக்கப்படுகிறது. பக்கத்து லாரிக்காரருக்குத் தெரியாது. சங்கத்துக்குத் தெரியாது. அவர் மட்டும் ஊருக்குத் திரும்பி, தேநீர்க் கடைப் பலகையிலே அமர்ந்து, பிறர் ஓட்டும் வண்டியின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பார். லட்சம் பேருக்கு ஒன்றாக வரும் அநீதியை நாடு பார்க்கிறது. ஒவ்வொருவராகத் தேடி வரும் அநீதியை எவர் பார்க்கிறார்கள்?

வெளிநாடுகளைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதி, நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வு தரவேண்டும் என்கிறது. அத்தோடு நிற்கவில்லை. பாதுகாப்புக்கு ஊறு நேரும் வகையிலே, ஓடிய தொலைவுக்கும் ஏற்றிய சரக்குக்கும் ஏற்பக் கூலி தரலாகாது என்கிறது; ஓட்டுநர் செய்யும் விதிமீறலுக்கு நிறுவனமே பொறுப்பு என்றும் சொல்கிறது. ஆஸ்திரேலியாவிலே கனரக வண்டிகளுக்கான சட்டம் 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. சரக்கை அனுப்பியவர், ஏற்றியவர், நேரம் குறித்தவர் எல்லோரையும் ஒரு சங்கிலியிலே கோத்து, பொறுப்பை அவர்களுக்குள்ளே பங்கிடுகிறது அந்தச் சட்டம். பிரிட்டனிலே மூன்றாண்டுக்குள் பன்னிரண்டு குற்றப் புள்ளிகள் சேர்ந்தால் குறைந்தது ஆறு மாதம் ஓட்டத் தடை. ஆனால், அந்தத் தடையால் தாங்கொணாத இன்னல் விளையும் என்று நீதிமன்றத்திலே மெய்ப்பித்தால் தடையைத் தவிர்க்க இடமுண்டு. அவை கண்டிப்பு குறைந்த நாடுகளல்ல. தண்டிக்குமுன் கேட்கத் தெரிந்த நாடுகள்.

அவ்வளவு தொலைவு ஏன் போக வேண்டும்? திருவாரூர்த் தெருவுக்கு வாருங்கள். சாலை விபத்தைப் பற்றித் தமிழன் சொல்லிவந்த பழைய கதை அங்கேதான் நிகழ்கிறது. தேரின் சக்கரத்திலே சிக்கிக் கன்று மாண்டது. தாய்ப்பசு மணியடித்தது. மனுநீதிச் சோழன் எவனைப் பிடித்தான்? சாட்டை பிடித்தவன் எவன், கடிவாளம் பிடித்தவன் எவன் என்று தேடவில்லை. தேர் எவனுடைய உலாவுக்காக ஓடியதோ அவனைப் பிடித்தான். தன் மகனென்றும் பாராது பிடித்தான். அது நடந்த கதையா, நடவாத கதையா என்ற ஆராய்ச்சி இருக்கட்டும். பொறுப்பு எங்கே இருக்கிறதென்று தமிழ் மக்கள் எண்ணினார்கள் என்பதற்கு அந்தக் கதை சான்று. அந்தச் சோழனுக்குச் சிலை வைத்திருக்கிறோம், சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலேயே வைத்திருக்கிறோம். சிலையை வணங்குகிறவர்கள், தேருக்குரியவனை விட்டுவிட்டுத் தேரோட்டியை மட்டும் பிடிக்கலாமா?

நீதிமன்றங்கள் கண் மூடிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். காவலர் உரிமத்தைக் கைப்பற்றி அனுப்பலாமேயொழிய, தாமே முடக்கவோ ரத்து செய்யவோ அதிகாரமில்லை என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2022-ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தது. விபத்து வழக்கின் முதல் தகவல் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு, குற்றம் மெய்ப்பிக்கப்படுமுன் உரிமத்தை முடக்கிய ஆணைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் பலமுறை நீக்கியிருக்கிறது. ஆனால், சோலூரிலிருந்து சென்னை எவ்வளவு தொலைவு! வேலையிழந்தவன் வழக்கறிஞரைத் தேடி அவ்வளவு தொலைவு போய்த்தான் நீதி பெற வேண்டுமென்றால், அந்த நீதி பெர்மிட் வாங்க முடிந்தவனுக்கு மட்டுமே உரிய நீதியாகிவிடும்.

ஆகவே, நாம் கேட்க வேண்டியவை மூன்று.

ஒன்று: குடிபோதை போன்ற உடனடி அபாயம் நீங்கலாக, மற்றவற்றிலே உரிமத்தைக் கைப்பற்றும்போது தரப்படும் சீட்டு, விசாரணை முடியும் வரையில் வண்டி ஓட்ட அனுமதிக்க வேண்டும். பழைய உட்பிரிவிலே இருக்கும் நியாயத்தைப் புதிய உட்பிரிவுக்கும் நீட்டினால் போதும். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

இரண்டு: விசாரணைக்கு நாள் குறிக்க வேண்டும். குறித்த நாளைக்குள் அதிகாரி முடிவு செய்யவில்லையென்றால் உரிமம் தானே திரும்ப வேண்டும். கோப்பு உறங்கும் காலத்துக்கு ஓட்டுநர் குடும்பம் விழித்திருக்கலாகாது.

மூன்று: பிரேக், டயர், மிகைப்பாரம் ஆகிய குற்றங்களிலே, உரிமம் முடங்கும் நாட்கள் எத்தனையோ, அத்தனை நாட்கள் அந்த லாரியின் பெர்மிட்டும் முடங்க வேண்டும்; ஈட்டுத் தொகை என்ற கொல்லை வாசல் அந்த வழக்குகளிலே மூடப்பட வேண்டும். அது மூடப்பட்ட மறுநாளே பாருங்கள், நாட்டிலுள்ள தேய்ந்த லைனிங்குகள் எல்லாம் எவ்வளவு வேகமாக மாறுகின்றன என்று! இந்த மூன்றாவது கோரிக்கை ஓட்டுநருக்கு மட்டும் பாதுகாப்பன்று. வளைவிலே எதிரே வரும் பேருந்துக்கும், சாலையோரம் நடக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கும் அதுவே பாதுகாப்பு.

சட்டம் மாறும் வரையில் நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கிளைத் தோழர்களுக்குச் சில வேலைகள் சொல்கிறேன். உங்கள் ஊரிலே லாரி நிற்கும் இடத்துக்குப் போங்கள். வண்டியிலே பழுது கண்டால் வாயால் சொல்லி விடாமல், உரிமையாளருக்கு எழுத்திலே தெரிவித்து, நாளிட்ட ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளுமாறு ஓட்டுநரிடம் சொல்லுங்கள். செல்பேசியிலே அனுப்பிய செய்தியும் ஒரு சான்றே. உரிமம் எடுக்கப்பட்டால் சீட்டுக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எந்தப் பிரிவின்கீழ் எடுத்தார்களென்று அதிலே பார்க்கச் சொல்லுங்கள். விளக்கம் கேட்டு வரும் தாளுக்குப் பதில் எழுதத் தெரியாமல் விட்டுவிடுவோர் பலர். எழுதித் தருவதற்கு நம் படிப்பகத்திலே ஒருவர் இருக்கட்டும். தகுதியிழப்பு ஆணை கைக்கு வந்தால், 30 நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாமென்று 19-ஆம் பிரிவே சொல்கிறது. அந்த 30-ஐ ஒவ்வோர் ஓட்டுநரும் தம் வண்டி எண்ணைப் போல நினைவில் வைக்கட்டும். உரிமமில்லாத நாட்களிலே ஆசைக்கோ அவசரத்துக்கோ வண்டியைத் தொட வேண்டாமென்றும் சொல்லுங்கள். தகுதியிழந்திருக்கும்போது ஓட்டினால் மூன்று மாதம் வரையில் சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ காத்திருக்கின்றன.

அன்று சோலூரிலே பேருந்து வந்துவிட்டது. விடைபெற எழுந்தேன். அந்தச் சீட்டை உறையிலே இட்டு, சட்டைப் பையிலே வைத்து, பொத்தானையும் மாட்டிக்கொண்டார் அவர்.

"நான் ஒன்று செய்திருக்கலாம், தம்பி" என்றார். "லைனிங் சரியில்லை, வண்டியைத் தொடமாட்டேன் என்று சாவியைத் தூக்கி எறிந்திருக்கலாம். வேலை போயிருக்கும், உரிமம் மிஞ்சியிருக்கும். தொட்டேன், இப்போது இரண்டும் இல்லை."

தோழர்களே, பேருந்து இறங்கிய வழியெல்லாம் அந்தச் சொற்கள் என்னோடு வந்தன. தேய்ந்த பிரேக்கோடு மலையிறங்க மாட்டேன் என்று சொல்லும் தொழிலாளிக்குச் சோறு உறுதியாக இருந்தால், சாலையிலே சாவு குறையும். அந்த உறுதியை அவருக்குத் தராத சமுதாயத்துக்கு, அவருடைய உரிமத்தைப் பறிக்கும் உரிமம் மட்டும் எங்கிருந்து வந்தது?